அந்த பேட்டரி வரியைத் தூக்காத

மாப்ள,

இங்க எல்லாரும் சுகம், பெரியவ பிளஸ் டூ போயிட்டா. நீ போன் எடுக்காததெல்லாம் விடு, அப்பா போன வீட்ல என்ன பேசத் தோணும். ஆனா நேத்து ராத்திரி நீ அனுப்புன கவிதையைப் படிச்சதுல இருந்து தூக்கமே இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

முதல்ல திட்டிக்கிறேன். "வானமே அழுதது", "ஆலமரம் சாய்ந்தது" இதெல்லாம் நீதான் எழுதுனியா, இல்ல கண்ணீர் அஞ்சலி பேனர்ல இருந்து எடுத்தியா? நடுவுல ஒரு வரி இருக்கு, அப்பாவோட காது மிஷின் பேட்டரி அட்டை பிரிக்காம ஃபிரிட்ஜ் மேலயே கிடக்குன்னு. அதைப் போய் 'இது எப்படி வந்துச்சுன்னே தெரியல, கவிதை மாதிரி இல்ல, தூக்கிடவா'ன்னு கேக்குற. தூக்குன, கொன்னுடுவேன்.

கபிலரை எடுத்துப் பாருடா. பாரி கதைன்னா எல்லாரும் அவன் பொண்ணுங்க பாடுன "அற்றைத் திங்கள்" பாட்டைத்தான் சொல்லுவாங்க, பெரிய பாட்டுதான், எனக்கு என்னவோ கபிலரோட புறநானூறு 118தான். உயிருக்கு உயிரான சிநேகிதன் பாரி செத்தாச்சு, அவன் ஆண்ட பறம்பு மலை போச்சு, கபிலர் எதைப் பாடுறாரு? ஒரு குளத்தை. பாறையும் குன்றும் சேர்ற இடம், எட்டாம் நாள் நிலா மாதிரி வளைஞ்ச கரை, "தெண்ணீர்ச் சிறுகுளம் கீள்வது மாதோ", தெளிஞ்ச தண்ணி நிக்கிற சின்னக் குளம் உடையுது. அவ்வளவுதான் பாட்டே. செத்தான்னு ஒரு வார்த்தை கிடையாது, அழுகை கிடையாது. ஆனா கரையை அடைக்கச் சொல்ல ஆள் இல்லாத நாடுன்னு படிக்கிறவனுக்கு நெஞ்சுல இறங்கிடுது.

116ல பாரியோட பொண்ணுங்க. பீர்க்கும் சுரையும் படர்ந்து கிடக்குற இடத்துல குப்பை மேட்டு மேல ஏறி நின்னு, உப்பு வண்டி போறதை எண்ணுறாங்க. முன்னாடி மலை உச்சியில நின்னு, சண்டைக்கு வந்த ராஜாக்களோட குதிரையை எண்ணுன பிள்ளைங்க. அந்தக் குப்பை மேட்டைக் காட்டுன பிறகுதான் "நோகோ யானே", நான் நொந்து போறேனேன்னு அவருக்கு வாய் வருது.

நான் நினைக்கிறது இதுதான். துக்கத்துல புத்தி ஊர்ல புழங்குற வார்த்தையைத்தான் கொண்டாந்து தரும், கண்ணு மட்டும் தன் பாட்டுக்கு ஒண்ணைப் பிடிச்சு வச்சிருக்கும், ஏன் அதைப் பிடிச்சுதுன்னு நமக்கே விளங்காது. உள்ளுணர்வுன்னு நாம டீக்கடையில பெருசா பேசுனோமே, எனக்கு அது இப்ப அந்த பேட்டரி அட்டைதான். அம்மா போனப்ப நான் ஒரு வரி எழுதல, உனக்குத் தெரியும். முகம் கூட கொஞ்சம் மங்குது மாப்ள, ஆனா பால் கணக்கு எழுதுன காலண்டர்ல அவங்க போட்ட புள்ளி, கோடு எல்லாம் அப்படியே நிக்குது. உனக்கு வந்த மாதிரி எனக்கு வரவே இல்ல. வந்ததை நீ வெளிய தள்ளாத.

வானம், ஆலமரம் ரெண்டையும் வெட்டு. பேட்டரியில ஆரம்பி, அடுத்து என்ன வருதுன்னு அவசரப்படாம பாரு. அஞ்சு வரி போதும், கபிலருக்கே போதுமா இருந்திருக்கு. வாத்தியார்கிட்ட இப்போதைக்குக் காட்டாத, அவரு உடனே எதுகை கேப்பாரு.

அத்தைக்கு சுகர் எப்படி இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடுறாங்களா? அடுத்த மாசம் லீவு போட்டுட்டு வரேன், பிரான்மலை போவோம், பறம்புன்னு சொல்றது அந்த மலையைத்தானே. வண்டி பின் டயரை மட்டும் மாத்தி வை.