மகளுக்கு அப்பா எழுதுவது

பிரியமுள்ள மகளுக்கு,

கர்த்தருடைய கிருபை உன்னோடும் மருமகனோடும் இருப்பதாக. இங்கே நானும் அம்மாவும் சுகம். ஐப்பசி மழை பிந்தாமல் பெய்து குளம் பெருகிவிட்டது. கோயில் அசன விருந்துக்கு அரிசியும் பணமும் பிரிக்கிறார்கள். உன் பெயருக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அம்மா போன் பண்ணினால் நீ எடுப்பதில்லையாம். டூட்டி மாறி மாறி வரும், தெரியும். ஞாயிறுதோறுமா டூட்டி?

மருமகனைக் கோபிக்காதே, நான்தான் விடாமல் கேட்டேன். நீ கோயிலுக்குப் போவதில்லை, வேதத்தைத் தொடுவதில்லை என்றார். ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா தைத்து வைத்திருந்த சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அங்கே சபையில் யாரோ, "எல்லாம் நன்மைக்குத்தான், அழக்கூடாது" என்றார்களாம். நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வேதத்தில், பிள்ளைகளையும் உடைமையையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் சரி. பேசத் தொடங்கின பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர், யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் கோபித்தார். அத்தனை வழக்காடின யோபுவை என் தாசன் என்றுதான் சொன்னார்.

அதனால் கோபம் இருந்தால் கோபத்தோடே ஜெபி. 88ஆம் சங்கீதத்தை மட்டும் எடுத்துப் பார். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் ஒரு நம்பிக்கை வார்த்தையாவது வந்துவிடும். இது இருட்டிலேயே முடியும். அதையும் வேதத்துக்குள் சேர்த்துத்தானே நமக்குத் தந்திருக்கிறார்கள். இப்போதைக்கு உனக்கு அது ஒன்று போதும்.

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் பிறந்தது உங்கள் பெல்பாஸ்ட் பக்கத்துக் கடற்கரையூர்தான். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1931இல் களக்காட்டில், இருட்டில், குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. எவ்வளவோ ஜெபித்தார்கள். சுகம் வரவில்லை. 1951இல் கண் மூடும்வரை பெரும்பாலும் ஒரே அறையும் படுக்கையும்தான். சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் தன் மனதில் ஒட்டவில்லை என்று, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாகத் தானே எழுதினார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வகுப்புக்கு நான் சொன்ன கதை. இப்போது நினைக்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான்: கேட்டது கிடைக்காமலே இருபது வருஷம் போச்சு, அவர் ஆண்டவரோடு பேச்சை நிறுத்தவில்லை.

நீயும் பேச்சை நிறுத்தாதே. எங்களோடும் நிறுத்தாதே.

கொரோனா சமயம் நீ வார்டில் நின்றதை நான் மறக்கவில்லை. வீட்டார் உள்ளே வர முடியாமல் தவித்தபோது, சாகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நீதான் ஜெபித்தாய். ஸ்தோத்திர ஆராதனையில் எழுந்து அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பிறத்தியார் பிள்ளைகளுக்காக அப்படி நின்றவள், உனக்காக நாங்கள் நிற்கவும் இடம் தரமாட்டேன் என்கிறாய். அதுதான் மகளே என் வருத்தம்.

ஜெபிக்க வரவில்லையென்றால் விடு, உன் பங்கையும் நாங்கள் ஜெபிக்கிறோம். ஞாயிறு ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம், உனக்கு அப்போது பகல் மூன்று மணி. போனை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அம்மா கீர்த்தனை பாடுவாள், நான் வாசிப்பேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. பிள்ளைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தீர்களா? தினமும் ஜெபத்தில் 'அந்தக் குழந்தை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் இருந்தால் எழுது. உன்னால் முடியாவிட்டால் மருமகனை அனுப்பச் சொல்.

சாப்பாட்டை விடாதே.

அன்புடன்,
அப்பா