அப்பாவின் பூத் கணக்கு

ஷோனெபெர்க், பெர்லின்
2.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஜனவரியிலேயே வந்துவிட்டது. பதில் எழுத இன்றுதான் கை வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். குளிர் பழகிவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய பெருங்காயம் இன்னும் இருக்கிறது. டப்பாவைத் திறந்து மூடினாலே ரசம் வைத்த மாதிரி.

கீழ் வீட்டில் தம்பதியாக வாழும் அந்த இரண்டு ஆண் பெரியவர்களும் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டு, "தன்பாலீர்ப்பாளர்கள் ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம்தானே விழும்" என்று நீங்களே பதிலும் எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் பூத்தில் உட்கார்ந்தவரின் கணக்கு! இங்கே அது செல்லாது அப்பா. அந்த ஒரு வீட்டிலேயே இரண்டு கட்சி.

இருவரில் உயரமானவர், 1961-இல் பெர்லின் சுவர் எழும்புவதற்கு முன்பு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கம்யூனிஸ்டுகள் ஆண்ட கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஓடிவந்த பிள்ளை. இடதுசாரி என்ற சொல்லே அவருக்கு ஆகாது. ஆயுள் முழுக்க வலதுபக்கத்துக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிதான். மற்றவர், தாடிக்காரர், இடதுபக்கத்துச் சமூக ஜனநாயகக் கட்சி. ஆணும் ஆணும் கூடினால் குற்றம் என்ற 175-ஆம் பிரிவில் 1967-இல் தண்டனை பெற்றவர். "நீ ஓடிவந்த கிழக்கில் 1968-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். உன் கட்சி ஆண்ட மேற்கில்தான் என்னைப் பிடித்தார்கள்" என்று குத்துவார். "அப்போது உன் கட்சியும் கூட்டணியில் இருந்ததே" என்பார் உயரமானவர். 2017-இல் அந்தத் தீர்ப்புகளை ரத்துசெய்து, தீர்ப்புக்கு 3,000 யூரோ கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வாங்கிய சோபாவில் உட்கார்ந்துதான் இந்தச் சண்டை நடக்கும்.

அதே வருடம் ஒருபால் திருமணச் சட்டம் 393-க்கு 226 என்று நிறைவேறியது. உயரமானவர் கட்சியின் தலைவரும் அப்போதைய ஜெர்மன் பிரதமருமான மெர்க்கல் எதிர்த்து வாக்களித்தார். "மனச்சாட்சிப்படி போடுங்கள் என்று கதவைத் திறந்ததும் அவர்தான், எங்கள் பக்கம் 75 பேர் ஆதரித்தார்கள்" என்று உயரமானவர் இன்றும் வாதாடுகிறார். அக்டோபரில் இருவரும் மணந்துகொண்டார்கள்.

தெருமுனை சலூன்காரரும் தன்பாலீர்ப்பாளர்தான். அவர் இம்முறை, வெளியிலிருந்து குடியேறுவதை எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.க்குப் போட்டாராம். குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று தேர்தல் அறிக்கையில் எழுதிய கட்சி அது. அதன் தலைவர்களில் ஒருவரான ஆலிஸ் வைடலோ ஒரு பெண்ணோடு வாழ்கிறார்; அந்தப் பெண் பிறந்தது இலங்கையில். எனக்குத் தலை சுற்றியது. "வெளியிலிருந்து வந்தவர்கள் பெருகிவிட்டார்கள்" என்று சலூன்காரர் என் பிடரியில் கத்தரியை வைத்துக்கொண்டே சொன்னார். சற்றுக் கழித்து, "உன்னைச் சொல்லவில்லை" என்றார். இப்போதெல்லாம் முடியை நானே வெட்டிக்கொள்கிறேன். கோபமில்லை, சும்மா பழகிப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு தேர்தல். தோற்ற கட்சிக்காரர் சமைப்பது என்று பந்தயம். தாடிக்காரர் கட்சிக்கு 16.4 சதவீதம்தான். உருளைக்கிழங்கு சூப் வைத்து என்னையும் கூப்பிட்டார். திட்டிக்கொண்டே முதல் கரண்டியை உயரமானவர் தட்டில்தான் ஊற்றினார். பொங்கலன்று நீங்களும் மாமாவும் உதயசூரியன், இரட்டை இலை என்று திண்ணையில் கத்திவிட்டு, அம்மா கூப்பிட்டதும் பக்கத்துப் பக்கத்து இலையில் வந்து உட்காருவீர்களே. எனக்குச் சூப் இறங்கவில்லை. சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாமா என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மா பங்கு நிலம் இன்னும் கூட்டுப் பட்டாவில்தான் இருக்கிறதா? கையெழுத்துக்கு அம்மாவை அனுப்புங்கள், நீங்கள் போகாதீர்கள்; தேர்தல் பேச்சு வந்துவிடும். செல்வி மகனுக்குக் காதுகுத்து எந்த மாதம்? தாய்மாமன் சீர் என் பொறுப்பு. இந்த மாதப் பணம் சற்றுத் தாமதமாகும், வங்கிக் கணக்கை மாற்றுகிறேன். அதற்காகக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் மகன்,
குமார்