ஆறு மொழிகளில் ஒரு படிவம்

தொலைந்துபோன பயணிகளைத் தேட மக்களைத் திரட்டும் குழுக்களுக்கு,

வணக்கம்.

பனிவெளியிலோ பெருங்காட்டிலோ ஒருவர் காணாமற்போனார் என்று செய்தி வந்தால் போதும், மறுநாளே கையெழுத்து இயக்கமும் நிதி திரட்டலும் தொடங்கிவிடுகிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆர்க்டிக் கடல்வழி தேடி 'எரபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்களோடு போன ஜான் பிராங்க்ளின் திரும்பவேயில்லை. 1857-ல் பிரிட்டிஷ் கடற்படை இனித் தேடுவதற்கில்லை என்று கைவிரித்தது. ஜேன் பிராங்க்ளின் சொந்தப் பணத்தோடு மக்கள் கொடுத்ததையும் சேர்த்து 'ஃபாக்ஸ்' என்ற சின்னக் கப்பலை அனுப்பினார். அவர் அனுப்பாமல் இருந்திருந்தால், கணவர் ஜான் பிராங்க்ளினுக்கு என்ன ஆனது என்பதற்கு அன்றைக்கு எழுத்துச் சான்றே கிடைத்திருக்காது.

என் மனக்குறை வேறு. திரட்டிய ஆதரவையெல்லாம் கண்களாக மாற்றுகிறீர்கள், காதுகளாக மாற்றுவதில்லை.

ஃபாக்ஸில் போனவர்கள் 1859-ல் கனடாவின் வடகோடியில் உள்ள கிங் வில்லியம் தீவில், ஒரு கற்குவியலருகே, தகரக் குழாய் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். உள்ளே கடற்படையின் அச்சிட்ட படிவம். 1847 மே மாதம் எழுதிய சில வரிகள், 'எல்லாம் நலம்' என்று. அதே தாளின் ஓரத்தைச் சுற்றி 1848 ஏப்ரலில் நெருக்கி நெருக்கி எழுதியது: பிராங்க்ளின் இறந்துவிட்டார், கப்பல்களைக் கைவிட்டோம், மிஞ்சியது 105 பேர். படிவத்தைக் கண்டெடுப்பவர் அனுப்பிவைக்குமாறு ஒரு வேண்டுகோளும் அச்சாகியிருந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், டச்சு, டேனியம், ஜெர்மன் என ஆறு மொழிகளில். அந்தப் பக்கம் நடமாடிய மண்ணின் மக்களான இனுயிட்டுகள் பேசியதோ இனுக்டிடுட் மொழி. அவர்கள் அன்று எழுத்து வாசிப்பவர்கள் அல்லர் என்பீர்கள். சரி, வாய் இருந்ததே!

அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1854-ல், ஜான் ரே என்ற ஆய்வுப் பயணி இனுயிட் மக்களிடம் பேசி, பட்டினியால் செத்தவர்களைப் பற்றிய செய்தியையும் பிராங்க்ளின் குழுவின் வெள்ளிக் கரண்டிகளையும் கொண்டுவந்திருந்தார். செத்தவர்களைத் தின்றார்கள் என்ற தகவலும் அதில் இருந்ததால் லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸே தம் பத்திரிகையில் இனுயிட் சொல்லை நம்ப முடியாது என்று எழுதினார். ஒரு கப்பல் மூழ்கியதாக இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த பகுதியில்தான் 2014-ல் 'எரபஸ்' கிடைத்தது. 2016-ல் தேடுதல் கப்பலில் இருந்த சாமி கோக்விக் என்ற இனுயிட் வேட்டைக்காரர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வளைகுடாவின் பனியில் கம்பம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று படம்கூட எடுத்திருக்கிறார். கேமரா வழியில் தொலைந்துவிட்டது, சகுனம் சரியில்லை என்று வெளியே சொல்லவில்லை. கப்பலைத் திருப்பினார்கள். 'டெரர்' அங்கேதான் கிடந்தது. (அந்த வளைகுடாவுக்கு ஏற்கெனவே டெரர் என்றுதான் பெயர் என்பது தனிக் கூத்து.)

நானும் கண்ணை மட்டும் நம்பிய ஆள்தான். 2014-ல் மலேசிய விமானம் மறைந்தபோது செயற்கைக்கோள் படங்களை இரவெல்லாம் துழாவினேன். மூன்றாம் இரவில் ஒவ்வொரு அலை நுரையும் இறக்கையாகத் தெரிந்தது. 2007 செப்டம்பரில் நெவாடாவில் தனியே விமானமேறிப் போய்க் காணாமற்போன அமெரிக்கச் சாகசக்காரர் ஸ்டீவ் ஃபாசெட்டை ஆயிரக்கணக்கானோர் இப்படித்தான் திரையில் தேடினார்கள். ஓராண்டு கழித்து, கலிபோர்னியாவில் மலையேறப் போன ஒருவர் காலடியில் ஃபாசெட்டின் அடையாள அட்டையைப் பார்த்தார். அதை வைத்துத்தான் சிதறிய விமானத்தைக் கண்டுபிடித்தார்கள். 1928-ல் இத்தாலியரான நொபிலேயின் 'இத்தாலியா' வான்கப்பல் வடதுருவப் பனியில் விழுந்தபோதும், அவர்களுடைய அபயக்குரலை முதலில் பிடித்தவர் நிகோலாய் ஷ்மிட் என்ற அமெச்சூர் வானொலிக்காரர், ஒரு ரஷ்யச் சிற்றூரிலிருந்து.

ஆகவே என் கோரிக்கை சிறியது. வந்த பணத்தில் முதல் பங்கை ஹெலிகாப்டருக்குக் கொடுக்காதீர்கள்; அந்த மண்ணின் மொழி தெரிந்த இரண்டு பேரை அனுப்புங்கள். மேய்ப்பவர், மீன்பிடிப்பவர், வேட்டைக்குப் போகிறவர் என்று வீடுவீடாக உட்கார்ந்து கேட்கட்டும். காணாமற்போனவரின் புகைப்படத்தோடு அவருடைய கூடாரம், காலணி, பையின் படங்களையும் காட்டுங்கள். முகத்தைவிடப் பொருள்தான் முதலில் கண்ணில் படும். சொல்ல வந்தவரை விசாரணைக் கைதிபோல நடத்தாதீர்கள். வெறுங்கையோடு திரும்பிய பரப்பையும் வரைபடத்தில் குறித்துவையுங்கள், அடுத்தவர் அதே பள்ளத்தில் இறங்க வேண்டாம்.

உங்கள் அடுத்த அறிவிப்பு அச்சுக்குப் போகுமுன், அது எந்தெந்த மொழிகளில் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இப்படிக்கு,
கண் வலிக்கத் தேடிய ஒருவன்