இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் பருவமும் அரையாண்டுத் தேர்வும் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசுகள் பெற்றார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்து தந்த பெற்றோர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் நன்றி. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்புகள் வழக்கம்போல் உண்டு.

இந்த முறை ஆங்கிலப் பாடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏழாம் வகுப்புத் தேர்வில், குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தோம். ஒரு பிள்ளை எழுதிய வாக்கியம் இது: ‘மை லேட் ஃபாதர் பிரிங்ஸ் புரோட்டா ஆன் சாட்டர்டே.’ அப்பாவுக்கு நூற்பாலையில் இரண்டாம் ஷிப்ட். வீடு வந்து சேர இரவு பதினொன்றைத் தாண்டிவிடும். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் புரோட்டா வாங்கி வருவார். பிள்ளை தூங்காமல் காத்திருக்கும். இத்தனையையும் ஒரே வரியில் சொல்லப் பார்த்திருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அந்த வரிக்கு, ‘காலமான என் அப்பா சனிக்கிழமை புரோட்டா வாங்கி வருகிறார்’ என்று பொருள் வந்துவிட்டது. ஆசிரியர் அந்தச் சொல்லின் அடியில் கோடிட்டு, பக்கத்திலேயே சரியான வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார். அதோடு முடிந்திருக்க வேண்டிய காரியம்.

முடியவில்லை. விடைத்தாளை யாரோ படம் எடுத்து வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். அந்த அப்பா ஷிப்ட் இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தபோது அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. (அந்தப் பெற்றோரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

சிரித்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சிரித்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தவறு எப்படி வந்தது என்று தெரிந்தால் சிரிக்கத் தோன்றாது. ‘லேட்’ என்பதை நாம் தமிழிலேயே நாள் முழுவதும் சொல்கிறோம். பஸ் லேட், சம்பளம் லேட், இந்த வருடம் மழை லேட். எங்கே வைத்தாலும் தாமதம் என்றுதான் அர்த்தம். ஆங்கிலத்தில் அது நிற்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. ‘மை ஃபாதர் இஸ் லேட்’ என்றால் அப்பா வரத் தாமதமாகிறது. அதே சொல் நகர்ந்து ‘மை லேட் ஃபாதர்’ என்று ஆளுக்கு முன்னால் வந்தால் அவர் உயிரோடு இல்லை. உணவு, நேரம் போன்றவற்றுக்கு முன்னால் வரும்போது இந்தச் சிக்கல் கிடையாது; ‘லேட் லஞ்ச்’ என்பது நேரம் தப்பிய மதியச் சாப்பாடு, அவ்வளவுதான்.

தமிழில் அடைமொழி எப்போதும் முன்னால்தான் வரும். நல்ல அப்பா, பெரிய வீடு, லேட்டாக வருகிற அப்பா. ஆங்கிலத்திலும் ‘குட் ஃபாதர்’, ‘பிக் ஹவுஸ்’ என்று முன்னால் வைக்க நாமே மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்தோம். சொல்லிக் கொடுத்த விதியை அந்தப் பிள்ளை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. விதி தெரியாத பிள்ளை இந்தத் தவறைச் செய்யாது. எழுத வேண்டியிருந்தது ‘மை ஃபாதர் கம்ஸ் ஹோம் லேட்’ என்று. இங்கே ‘லேட்லி’ என்றும் போட முடியாது; அதற்கு ‘அண்மைக் காலமாக’ என்று பொருள். நமக்கு வரும் விடுப்புக் கடிதங்கள் சிலவற்றில் ‘கம் லேட்லி’ என்று பெரியவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை நாங்கள் யாருக்கும் காட்டியதில்லை.

வீட்டில் சொல்லிக் கொடுக்க ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். பதவி முடிந்த பிறகு அவர் ‘ஃபார்மர் பிரசிடென்ட்’, அதாவது முன்னாள் குடியரசுத் தலைவர். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்த பிறகுதான் பெயருக்கு முன்னால் ‘தி லேட்’ வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரை ‘லேட் டீச்சர்’ என்று எழுதும் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ராஜராஜ சோழனுக்கு ‘லேட்’ போடுவதில்லை. நம் காலத்தை ஒட்டி மறைந்தவர்களுக்குத்தான் அது. கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்று அச்சாகியிருப்பதையும் எடுத்துக் காட்டுங்கள். காலஞ்சென்ற, அமரர் என்று அழகான சொற்கள் நம்மிடம் இருக்கும்போது அங்கே ‘லேட்’ எதற்கு என்பது என் கருத்து.

இனிச் சொல்வதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். விடைத்தாள் அந்தப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மட்டும் உரியது. எந்தப் பிள்ளையின் விடைத்தாளும், நோட்டும், மதிப்பெண்ணும் பெற்றோர் குழுவில் வரக் கூடாது. மீறிப் பதிவிடுபவர் குழுவிலிருந்து நீக்கப்படுவார். அவரை நேரில் அழைத்தும் பேசுவேன். அந்தக் குழுவில் கணவரை இழந்த தாய்மார்கள் இருக்கிறார்கள். தங்கள் பிள்ளைகள் அதே கேள்விக்கு அதே சொல்லைச் சரியாக எழுதியதைப் படித்தவர்கள் அவர்கள். அவர்கள் கண் முன்னால் அந்தச் சொல்லை வைத்துச் சிரித்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. திருத்தியதில் சந்தேகம் இருந்தால் மாலை நான்கரை மணிக்கு மேல் ஆசிரியரை வந்து பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை என்னைச் சந்திக்கலாம்.

இந்தத் தவறுக்காகப் பிள்ளைகளை வீட்டில் திட்டவோ அடிக்கவோ வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தப்பாகிவிடும் என்று பயந்த பிள்ளை ‘மை ஃபாதர் இஸ் குட்’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் புரோட்டாவும் சனிக்கிழமையும் நமக்குக் கிடைக்காது.

அன்று இரவே படத்தை நீக்கச் சொன்ன பெற்றோர்களுக்கும், அந்த வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்தவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பிள்ளை இப்போது பள்ளிக்கு வருகிறது. மூன்றாம் பருவத்தின் முதல் வாரத்தில் ஏழாம் வகுப்பு ஆங்கில ஆசிரியர் பெற்றோர்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். தேதியைக் குறிப்பேட்டில் எழுதி அனுப்புகிறோம். வர முடிந்தவர்கள் அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்