பள்ளி வாசலில் புதிய ஏற்பாடு: பெற்றோருக்குத் தலைமையாசிரியை எழுதும் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அந்த நாளையொட்டி ஆண்டுதோறும் நம் பள்ளியில் தீ விபத்து ஒத்திகை நடத்துகிறோம். இந்த ஆண்டு மணி அடித்த நான்கு நிமிடத்தில் பிள்ளைகள் அனைவரும் திடலில் வரிசையாக நின்றுவிட்டார்கள். வகுப்பாசிரியர்கள் வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் அழைத்தார்கள். ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. மனம் நிறைந்து நின்றுகொண்டிருந்தபோது மொட்டை மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, ஏன் எல்லோரும் வெயிலில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். தண்ணீர்த் தொட்டியின் குழாயைச் சரிசெய்ய வந்திருந்தவர். அவர் மேலே இருந்தது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

வாசலில் இருந்த பதிவேட்டை உடனே எடுத்துவரச் சொன்னேன். அன்று காலையில் ஏழு பேர் கையெழுத்திட்டு உள்ளே வந்திருந்தார்கள். ‘சென்ற நேரம்’ என்ற கட்டத்தை இருவர்தான் நிரப்பியிருந்தார்கள். மற்ற ஐவரில் யார் வீடு திரும்பிவிட்டார், யார் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று சொல்ல யாராலும் முடியவில்லை. மெய்யாகவே தீப்பிடித்திருந்தால், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்றுதான் தீயணைப்பு வீரர்கள் முதலில் கேட்டிருப்பார்கள். நான் வாயடைத்து நின்றிருப்பேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் அந்தப் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பாதிப் பெயர்களைப் படிக்கவே முடியவில்லை. வந்த காரணம் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ‘சொந்த வேலை’. ஆனால் கைபேசி எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. உங்களுக்கு முன்னால் வந்துபோன அத்தனை பேரின் எண்களையும் நீங்கள் கையெழுத்திடும்போதே படித்துவிடலாம். சென்ற ஆண்டு ஒரு தாய் என்னிடம் வந்து, பள்ளிக்கு வந்துபோனதிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் அழைத்துத் தொல்லை செய்வதாகச் சொன்னார். எங்கிருந்து அந்த எண் போனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. திறந்தே கிடந்த அந்தப் பதிவேட்டைப் பார்த்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். இப்போது உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைப் பேசினோம். அந்தக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆகவே, இனி நான் சொல்லப்போவது உங்கள் பிரதிநிதிகளும் சேர்ந்து எடுத்த முடிவு.

வரும் திங்கட்கிழமை முதல் வாசலில் பதிவேடு இருக்காது. காவலர் அறையின் சுவரில் இருபது கொக்கிகள் அடித்த பலகை ஒன்று இருக்கும். ஒவ்வொரு கொக்கியிலும் எண் பொறித்த வில்லை. வருகிறவர் பெயரும், யாரைப் பார்க்க வந்தார் என்பதும், வில்லை எண்ணும் தனித்தனித் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு, பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். பெட்டியின் சாவி காவலரிடம் இருக்கும். வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள். திரும்பும்போது கொக்கியில் மாட்டிவிட்டுப் போங்கள். வெறுங்கொக்கி எத்தனையோ, அத்தனை வெளியாட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று பொருள். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளிக்கு எண்ணிட்ட பித்தளை வில்லை கொடுத்து, பூமிக்கடியில் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்தார்கள். கணினியும் மின்சாரமும் இல்லாமல் நடந்த அந்த முறை நம் பள்ளிக்கும் போதும் என்று தோன்றியது.

ஆதார் நகலை யாரும் கொண்டுவர வேண்டாம், கேட்கவும் மாட்டோம். ஒருவரைப் பற்றிய விவரங்களில் தேவையானதை மட்டுமே, சொன்ன காரணத்துக்காக மட்டுமே வாங்க வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சீட்டுகளை மூன்று மாதம் வைத்திருந்துவிட்டுக் கிழித்து எரித்துவிடுவோம்.

பிள்ளையைப் பள்ளி நேரத்தில் அழைத்துச் செல்வது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இக்கடிதத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். உங்களைத் தவிர பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடிய இருவரின் பெயரையும் உறவையும் அதில் எழுதுங்கள். தாய்மாமாவாக இருந்தாலும், சித்தப்பாவாக இருந்தாலும், அதில் பெயர் இல்லையென்றால் எங்களிடம் பதிந்துள்ள உங்கள் எண்ணுக்கு நாங்களே அழைத்துக் கேட்போம். வந்தவர் தம் கைபேசியில் அழைத்து, இதோ பிள்ளையின் அம்மா பேசுகிறார் என்று நீட்டினால் ஏற்க மாட்டோம். நீங்கள் எடுக்கும்வரை பிள்ளை என் அறையிலேயே அமர்ந்திருக்கும். பாட்டி கவலைக்கிடமாக இருக்கிறார் என்ற செய்தியோடு உறவினர் ஓடிவரும் நேரத்தில் இந்தத் தாமதம் கசக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்படியும் இதில் தளர்வு இருக்காது. எண் மாறியிருந்தால் இந்த வாரமே தெரிவித்துவிடுங்கள். பெற்றோர் பிரிந்து வாழும் குடும்பங்களில் நீதிமன்ற உத்தரவு ஏதும் இருந்தால், அதன் நகலை என்னிடம் தனியாகக் கொடுங்கள். அது என் மேசையைத் தாண்டாது. பிள்ளையிடம் அது பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டோம்.

பழுது பார்க்க வருகிறவர்களை இனி மாலை நான்கரைக்குப் பிறகோ, விடுமுறை நாளிலோதான் வரச் சொல்வோம். அவசரமாக வந்தால் அவருடன் பள்ளி ஊழியர் ஒருவர் கடைசிவரை இருப்பார். வில்லை இல்லாத பெரியவர் யாரையாவது வளாகத்துக்குள் பார்த்தால், அருகில் இருக்கும் ஆசிரியரிடம் சொல்லும்படி பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொரு வகுப்பறையிலும் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டிலும் அவர்களோடு இதைப் பேசுங்கள்.

மதியச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் வாசலில் உள்ள அலமாரியில் பெயரும் வகுப்பும் எழுதி வைத்துவிட்டால் போதும், வில்லை தேவையில்லை.

ஒரு பாட்டியைப் பற்றி எழுதாமல் இக்கடிதத்தை முடிக்க மனம் வரவில்லை. பேத்திக்குக் காய்ச்சல் என்று அழைத்துப்போக வந்தவர், வெளியே வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் நின்றிருக்கிறார். எழுதத் தெரியாதென்று சொல்லக் கூச்சப்பட்டு, தெரிந்த முகம் யாராவது வரட்டும் என்று காத்திருந்தாராம். உள்ளே அந்தக் குழந்தை காய்ச்சலோடு பெஞ்சில் படுத்திருந்தது. இனி உங்களில் யாரும் பேனாவைத் தொட வேண்டியதில்லை. காவலர் கேட்டு எழுதுவார். எல்லோருக்கும் அவரே எழுதுவார், பட்டதாரியானாலும் சரி. வாசலில் நிழலுக்குத் தகரக் கூரையும், இரண்டு பெஞ்சும், ஒரு தண்ணீர்ப் பானையும் வைத்திருக்கிறோம்.

காவலருக்காகவும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சில மாதங்களுக்கு முன் அவர் ஒருவரை நிறுத்திப் பெயர் கேட்டதற்கு, நான் யார் தெரியுமா என்று பிள்ளைகள் பார்க்க அவரைத் திட்டியிருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்கும் வீதிக்கும் இடையில் நாள் முழுவதும் நிற்பவர் அவர். கல்வி அலுவலர் வந்தாலும், முன்னாள் மாணவர் நன்கொடையோடு வந்தாலும், என் கணவர் வந்தாலும் அவர் நிறுத்திக் கேட்பார். கேட்க வேண்டும் என்பது என் உத்தரவு. கோபம் வந்தால் என்னிடம் வாருங்கள்.

காலை எட்டே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை வாசலில் நெரிசல் என்பதால் அந்த நேரத்தில் ஆசிரியர்களைச் சந்திக்க வர வேண்டாம். மாலை மூன்றரை முதல் நான்கரை வரை எந்த வேலை நாளிலும் வரலாம்.

படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். நிரப்ப உதவி வேண்டுவோர் வியாழன் மாலை வந்தால், உடன் அமர்ந்து நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியை