கார்பின் கேபினுக்குப் போகுமுன்

அன்புள்ள ராசா,

வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா மலையில் கார்பின் கேபின் என்கிற பழைய கட்டை வீட்டை இரண்டு இரவுக்குப் பிடித்துவிட்டதாகச் சொன்னாய். கூட மூன்று நண்பர்கள், அக்டோபர் கடைசி வாரம். நல்ல இடம், இலை நிறம் மாறும் நல்ல நேரம். ஆனால் "ஏர்பிஎன்பி மாதிரிதானேம்மா?" என்று கேட்டாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். அது மாதிரி இல்லை. மின்சாரம் கிடையாது, குழாய் கிடையாது, கழிப்பறை வெளியே குழிதான். அங்கே தங்குவது என்றால் பாதி நேரம் வேலை. அந்த வேலையில் முக்கியமானதெல்லாம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே.

அது யார் வீடு என்று தெரிந்துகொண்டு போ. நிக்கல்சன் ஹாலோ என்கிற மலை இடுக்கில் 1910-இல் ஜார்ஜ் கார்பின் என்பவர் தன் குடும்பத்துக்காகக் கட்டியது. ஹாலோ என்றால் இரண்டு மலைமுதுகுகளுக்கு நடுவே ஓடை ஓடுகிற பள்ளம். பூங்கா அமைப்பதற்காக வர்ஜீனியா மாநிலம் 1928-இல் தனிச் சட்டமே போட்டு இந்த மலைக் குடும்பங்களின் நிலத்தை எடுத்துக்கொண்டது. 1935 டிசம்பரில் தேசியப் பூங்கா உருவானது. 1938-இல் கார்பினும் வெளியேற வேண்டியதாயிற்று. அந்த மலைகளில் இருந்த வீடுகளில் பெரும்பாலானவை போய்விட்டன. இது தப்பியது. 1954-இல் பொட்டோமாக் அப்பலாச்சியன் டிரெயில் கிளப் என்கிற மலைநடைச் சங்கம் இதைப் பழுதுபார்த்துத் தங்குமிடமாக்கியது. அன்றிலிருந்து தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பின்னால் வந்து பெருக்கித் துடைக்க ஆள் இல்லை என்பதை உன் நண்பர்களுக்கும் சொல்லிவை.

வழி: பூங்காவின் மலைமுதுகுச் சாலையான ஸ்கைலைன் டிரைவில் தார்ன்டன் கேப் வாசல் வழியாக நுழைந்து தெற்கே வா. அந்த வாசல் 31.5-ஆவது மைல். 37.9-ஆவது மைலில் வண்டியை நிறுத்து. இலை பார்க்க வருகிற கூட்டத்தால் வாசலில் வரிசை நீளும், சாலையிலும் 35 மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. ஆகவே காலையிலேயே நுழைந்துவிடு. அங்கிருந்து கார்பின் கேபின் கட்-ஆஃப் பாதையில் ஒன்றரை மைல் நடை, ஏறக்குறைய ஆயிரம் அடி இறக்கம். இறங்கும்போது சுலபமாகத் தெரியும். திரும்பி வரும்போதுதான் அந்த ஆயிரம் அடி கணக்குக் கேட்கும். பை ஒவ்வொன்றும் 30 பவுண்டுக்குள் இருக்கட்டும். கேபினுக்குச் சற்று முன்னால் ஹியூஸ் ஆற்றைக் கடக்க வேண்டும். சாதாரண நாளில் கல் மேல் கால் வைத்துத் தாண்டலாம். முந்தின நாள் நல்ல மழை என்றால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேகமாகப் போகும். அப்படியிருந்தால் திரும்பிவிடு, பதிவுப் பணம் போனால் போகட்டும்.

பள்ளத்தில் போன் எடுக்காது. பூட்டைத் திறப்பதற்கான விவரம், வரைபடம் இரண்டையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வை. அந்த வாரம் சூரியன் ஆறேகால் மணி வாக்கில் மறையும். ஆனால் மலைமுதுகு மறைப்பதால் ஹாலோவில் ஐந்தரைக்கே மங்கிவிடும். இரண்டு மணிக்குள் கதவைத் திறந்துவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்.

திறந்ததும் உள்ளே பாயாதே. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இரு. பழைய கட்டை வீட்டில் எலி இருக்கும், அதைத் தடுக்க முடியாது. எலிப்புழுக்கையை உலர்ந்தபடியே துடைப்பத்தால் பெருக்கினால் தூசியோடு ஹாண்டாவைரஸ் மூச்சில் போகலாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டுக் காகிதத் துண்டால் வழித்தெடு. சின்னப் பாட்டிலில் பிளீச் கொண்டு போனால் போதும், அங்கே கலந்துகொள்ளலாம். ஒருவன் இதைச் செய்யட்டும், ஒருவன் தண்ணீருக்குப் போகட்டும், மற்ற இருவர் விறகுக்கு.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர், பாத்திரம் கழுவுவதும் சேர்த்து. மடக்கக்கூடிய பத்து லிட்டர் கேன் இரண்டு வாங்கு. பாதை ஆற்றைக் கடக்கிற இடத்துக்கு மேலே போய் எடு, கீழே எடுத்தால் எல்லோருடைய பூட்ஸ் அழுக்கும் உனக்குத்தான். பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று அப்படியே குடிக்காதே, வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும், அந்த உயரத்தில் அதற்கு மேல் தேவையில்லை. ஃபில்டர் கொண்டுபோனால் ஒன்று கவனி: நுண்குழாய் ஃபில்டர் ஒரு தடவை நனைந்தபின் இரவில் உறைந்தால் உள்ளே விரிசல் விட்டுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், ஆனால் கிருமி நிற்காது. ராத்திரி அதைத் தூக்கப்பைக்குள் போட்டுக்கொண்டு படு. குளோரின் மாத்திரையை மட்டும் நம்பாதே, கிரிப்டோஸ்போரிடியம் என்கிற கிருமி அதற்குச் சாகாது.

இனி விறகு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி, எல்லோரும் தோற்கிற இடம் இதுதான்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது. ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டு வெளி விறகோடு பரவுகிறது, அதனால் பூங்காவில் தடை. விழுந்து காய்ந்ததை மட்டும் எடுக்கலாம். நிற்கிற மரத்தில், அது பட்டுப்போயிருந்தாலும், கை வைக்காதே. தரையில் படுத்துக் கிடப்பது ஈரம் குடித்திருக்கும். விழும்போது வேறொரு மரத்திலோ பாறையிலோ சாய்ந்து மண்ணில் படாமல் நிற்கிற கிளையைத் தேடு. வெட்டு முகத்தில் நட்சத்திரம்போல் வெடிப்பு இருக்க வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டும், 'தொப்' என்றால் ஈரம். ஓக், ஹிக்கரி இரண்டும் நம்மூர்ப் புளிய விறகு மாதிரி நின்று எரியும், தணலும் நிற்கும். டியூலிப் பாப்லர் சட்டென்று பற்றிச் சட்டென்று போய்விடும், மூட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்.

ஒரு எச்சரிக்கை. மரத்தோடு தேங்காய்நார்க் கயிறு ஒட்டினாற்போல் ரோமம் ரோமமாகக் கொடி இருந்தால் அந்தக் கட்டையைத் தொடாதே. அது பாய்சன் ஐவி, பட்டால் தோல் கொப்பளிக்கிற நச்சுக்கொடி. அக்டோபரில் இலை உதிர்ந்திருக்கும், அடையாளம் அந்த ரோமம் மட்டும்தான். செத்த கொடியிலும் அதன் எண்ணெய் இருக்கும். தெரியாமல் எரித்தால் புகை நுரையீரலையே புண்ணாக்கும். அடுக்கி வைத்த விறகுக்குள் கையை விடாதே, குச்சியால் இழு. காப்பர்ஹெட், டிம்பர் ராட்டில்ஸ்னேக் என்று இரண்டு விஷப்பாம்பு அந்த மலையில் உண்டு. வெயில் அடிக்கிற இலையுதிர்கால மதியங்களில் அவை இன்னும் வெளியே இருக்கும்.

அடுப்பின் வாயை முதலில் அளந்துகொண்டு பிறகு அறு. மணிக்கட்டுப் பருமனில் ஒரு இரவுக்கு முப்பது துண்டு வேண்டும். அதில் பத்தைப் பிளந்து வை, உள்முகம்தான் சீக்கிரம் பற்றும். பென்சில் பருமனில் இரண்டு கைப்பிடி, கட்டைவிரல் பருமனில் இரண்டு கைப்பிடி. மடக்கு ரம்பம் ஒன்று உன் பையில் இருக்கட்டும், அங்கே இருக்கிற ரம்பம் மொட்டையாக இருந்தால் கை போய்விடும்.

அடுப்பு மூட்டுவது. பாட்டி அடுப்பில் ஊதாங்குழலால் ஊதுவாள், அது திறந்த அடுப்பு. இது மூடிய இரும்பு அடுப்பு, இதில் ஊதுகிற வேலையைப் புகைக்குழாய் செய்யும். சூடான காற்று குழாயில் ஏறினால் கீழே புதுக்காற்றை இழுக்கும். குழாய் சில்லிட்டிருந்தால் அதற்குள் குளிர்ந்த காற்று கனமாக உட்கார்ந்திருக்கும். நீ கொளுத்தியதும் புகை மேலே போகாமல் உன் முகத்துக்கு வரும். ஆகவே முதலில் குழாய்க்குள் இருக்கும் மூடியான டேம்பரைத் திற: அதன் கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பிறகு ஒரு செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திக் குழாய் வாய்க்கு அருகே ஒரு நிமிடம் பிடி. தீ மேல்நோக்கி இழுபடுவது தெரிந்தால் சரி.

அடியில் ஒரு அங்குலம் சாம்பல் இருக்கட்டும், தணலைக் காக்கும். அதற்கு மேலே இருப்பதை அள்ளிவிடு. இரண்டு பக்கமும் பிளந்த துண்டு ஒவ்வொன்று, நடுவில் கசக்கிய தாள் நாலைந்து, மேலே பென்சில் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாக, அதற்கு மேல் கட்டைவிரல் பருமன். திணிக்காதே, காற்றுக்கு இடம் விடு. பளபளப்பான பத்திரிகைத் தாள் வேண்டாம், எரியாமல் புகையும். கொளுத்திக் கதவை விரல் அகலம் திறந்து வைத்துப் பக்கத்திலேயே இரு. குச்சிகள் நன்றாகப் பிடித்ததும் பெரிய துண்டு இரண்டு வை, கதவைச் சாத்து, காற்றுத் திறப்பை முழுசாக விட்டு இருபது நிமிடம் வெளுத்து எரியவிடு. அப்புறம்தான் காற்றைப் பாதியாகக் குறைக்கலாம்.

ராத்திரி முழுக்கத் தணல் நிற்கட்டும் என்று ஈர விறகைத் திணித்துக் காற்றை இறுக்கி மூடுவார்கள். அது மகா தப்பு. தீ மூச்சுத் திணறிப் புகையும். அந்தப் புகை குளிர்ந்த குழாயில் தார் மாதிரிப் படியும், கிரியோசோட் என்பார்கள். இன்னொரு நாள் யாரோ பெருந்தீ போடும்போது அது குழாய்க்குள்ளேயே பற்றும். நூறு வருடத்துக்கு மேல் காய்ந்த கட்டை வீடு, தீயணைப்பு வண்டி வருகிற பாதையும் இல்லை. கார்பன் மோனாக்சைடும் இப்படித்தான் அறைக்குள் திரும்பும், அதற்கு வாசனை கிடையாது. பேட்டரி அலாரம் ஒன்று கொண்டு போ, படுக்கிற உயரத்தில் வை. ஒரு ஜன்னல் இரண்டு விரல் திறந்தே இருக்கட்டும். காஸ் ஸ்டவ்வை வெளியே வைத்துச் சமை. மெழுகுவத்தி வேண்டாம், ஆளுக்கு ஒரு ஹெட்லாம்ப், மாற்று பேட்டரி.

கட்டைகளுக்கு நடுவே பூசியிருப்பதை யாரும் நோண்டாமல் பார்த்துக்கொள். காற்று வருகிறது என்று டேப் ஒட்டுவது, ஆணி அடித்துத் துணி காயப்போடுவது எதுவும் வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகளில் மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பல இடங்களில் பிற்காலத்தில் சிமெண்ட் பூசிக் கட்டையை உள்ளுக்குள் மக்கவைத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த பழுதுதான் பழைய வீட்டைச் சீக்கிரம் அழிக்கிறது. ஏதாவது உடைந்தால் ஒட்டாதே, எழுதிக் கிளப்புக்குத் தெரிவி.

சாப்பாட்டுக்கு ரவையை இங்கேயே கடுகு, கறிவேப்பிலை தாளித்து வறுத்துக் கொண்டு போங்கள். ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் கொதிநீர், ஐந்து நிமிடத்தில் உப்புமா. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பால்பொடி, டிகாஷன் வேண்டுமென்றால் ஃபில்டர் காப்பிப் பொடி. பெருங்காய டப்பாவை இரண்டு ஜிப் பைக்குள் போடு. கரடிக்கு நம் சமையல் வாசனை புதிது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வரும். வெளியே எந்த உணவையும் விட்டுவைக்காதே. வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் தரையிலிருந்து பத்தடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து நாலடி தள்ளித் தொங்கவிடு. உள்ளே வைப்பது எலிக்காகத் தகர டப்பாவில். பற்பசையும் அதே டப்பாவில்தான்.

கழிப்பறைக் குழியில் காகிதம் தவிர எதுவும் போடாதே, மூடியை மூடு. ராத்திரி படுக்குமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார். எள் அளவில் உண்ணி ஒட்டியிருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. எண்ணெய் தடவுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் உதவாது.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது நேரமாவது சாம்பலால்தான். காலை ஏழு மணிக்குப் பின் அடுப்பில் விறகு வைக்காதே. சாம்பலுக்குள் கங்கு நாலு நாள் உயிரோடிருக்கும், மேலே தொட்டால் சில்லென்றிருக்கும். இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். வாளியைத் திண்ணைப் பலகையில் வைக்காமல் வெறுமண்ணில் வை, தண்ணீர் ஊற்றிக் கிளறு, மூடு. காகிதப் பையில் அள்ளி ஓரமாக வைத்தால் நீங்கள் மேலே ஏறுவதற்குள் வீடு எரியும். பிறகு விறகுப் பெட்டியை நிரப்பு, குச்சியும் சேர்த்து. அடுத்து வருகிறவர்கள் மழையில் நனைந்துகொண்டு வரலாம். ஜன்னல் தாழ், அடுப்புக் கதவு, கழிப்பறை மூடி, கடைசியாகப் பூட்டு.

ஏற்றம் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், பத்து மணிக்குப் புறப்படு. மேலே சாலைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அப்பாவுக்கு ஒரு வரி போடு. பன்னிரண்டிலிருந்தே அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புகை நாற்றத்தோடு அப்படியே வீட்டுக்கு வாருங்கள், நாலு பேருக்கும் வெந்நீர் போட்டு வைக்கிறேன்.

அம்மா