இரண்டு லைன்காரர்களுக்கும் எங்கள் நன்றி

வால்பாறை மலையில் எங்கள் பத்து வீட்டுக்காரர்களுக்கும், திருப்பூரில் எங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வணக்கம்.

தை பிறந்ததும் பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். தேதியைப் போனில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பத்திரிகை அடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். "தங்கள் நல்வரவை நாடும்" என்பதற்குக் கீழே யார் பெயரைப் போடுவது என்று வீட்டில் சண்டை. இவர் தன் லைனில் பத்து வீட்டையும் போடவேண்டும் என்றார். அப்படியானால் என் பன்னிரண்டையும் போடு என்றேன். "இருபத்திரண்டு வீட்டுப் பேரையும் போட்டா அது பத்திரிகையா, வோட்டர் லிஸ்ட்டா?" என்று மாமா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

நீங்கள் இரண்டு லைன்காரர்களும் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அரைமணி நேரம் நின்றதோடு சரி. (அந்தக் கதையை இங்கே எழுதப்போவதில்லை. அன்று பயப்படாமல் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மூன்று பேருக்கு மட்டும் தனியாக ஒரு கும்பிடு.) பால் காய்ச்சுகிற அன்று ராத்திரி எல்லோரும் ஒரே மொட்டைமாடியில் படுக்கப்போகிறீர்கள். அதற்கு முன்னால் அவர்களைப் பற்றி இவர்களுக்கும் இவர்களைப் பற்றி அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் திருப்பூர்க்காரர்களுக்கு. மலை லைன் நம் காம்பவுண்டு மாதிரி இல்லை. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். முதல் தடவை போனபோது ஒன்பதாவது வளைவிலேயே எனக்குக் குடல் வெளியே வந்துவிட்டது. மற்றவர்கள் அங்கே இறங்கி அணையைப் பார்த்துப் போட்டோ எடுப்பார்களாம். நான் பார்த்தது சாலையோரக் கல்லைத்தான். மேலே போனால் நீளமாக ஒரே கூரை, அதன் கீழே பத்து கதவு. வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். தோட்டத்தில் வேலை செய்கிறவருக்கு வீடு தரவேண்டும் என்று 1951-லேயே சட்டம் வந்துவிட்டது. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. 58 வயதானால் வேலையை விட்டு நிற்கும்போது தருகிற கிராஜுவிட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அத்தை 24 வயதில் கொழுந்து பறிக்கப் போனவர். இந்த வருடம் சாவி கொடுக்கும் முறை அவருக்கு வந்தது. வீடு கட்ட எங்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

அந்த லைனில் சுவர் பேசும். யானை வந்தால் கதவைத் திறக்கக் கூடாது, கத்தவும் கூடாது. முதல் வீட்டில் சத்தம் கேட்டதும் பக்கத்துச் சுவரை மூன்று தடவை தட்டுவார்கள். இரண்டாம் வீட்டுக்காரர் எழுந்து அடுத்த சுவரைத் தட்டுவார். இப்படியே பத்தாம் வீடு வரைக்கும் போய்ச் சேரும். பிறகு பத்திலிருந்து ஒன்றுக்கு ஒற்றைத் தட்டு திரும்பி வரும், எல்லோரும் உள்ளேதான் இருக்கிறோம் என்று. இப்போது காட்டுயிர் ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த சிவப்பு விளக்கு இருக்கிறது. யானை பக்கத்தில் நடமாடினால் எரியும், போனுக்கும் தகவல் வரும். இருந்தாலும் தட்டுவதை யாரும் விடவில்லை. நான் போன நான்காம் நாள் ராத்திரி அந்த மூன்று தட்டு கேட்டது. இவர் தூக்கத்திலேயே எழுந்து எதிர்ச் சுவரைத் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். விடியும்வரை நான் கண் மூடவில்லை. காலையில் பார்த்தால் ஏழாம் வீட்டு அக்காவின் வாழை ஒன்றுகூட மிச்சமில்லை. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "புதுப்பொண்ணு வந்ததைக் கேள்விப்பட்டு வந்திருக்கு" என்றார். அந்தச் சிரிப்போடுதான் நான் அந்த லைனுக்கு மருமகளானேன்.

இவருக்குப் பத்து வயதில் குடல்வால் வெடிக்கும் நிலைக்கு வந்தபோது, நான்காம் வீட்டு மாமா நடுராத்திரியில் ஜீப் பிடித்து, பனிமூட்டத்தில் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி வழி சொல்லிக்கொண்டே 40 வளைவும் இறக்கிப் பொள்ளாச்சியில் சேர்த்தார். மாமா, அன்று உங்கள் மடியில் படுத்திருந்தவன்தான் இப்போது வீடு கட்டியிருக்கிறான். அந்த ஜீப் வாடகையை இன்றுவரை நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. இனி கொடுக்கவும் மாட்டோம். முதல் இலை உங்களுக்கு.

இனி மலைக்காரர்களுக்கு. எங்கள் லைன் ஆறடிச் சந்து. இந்தப் பக்கம் ஆறு கதவு, அந்தப் பக்கம் ஆறு கதவு. தேனி, உசிலம்பட்டி, புதுக்கோட்டை என்று பனியன் கம்பெனியை நம்பி வந்தவர்கள். அப்புறம் ஒடிசாத் தம்பிகளும் வந்து சேர்ந்தார்கள். உப்புத் தண்ணி எந்நேரமும் வரும். நல்ல தண்ணி எப்போது வரும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வரும். யார் விழித்திருக்கிறார்களோ அவர்கள் பன்னிரண்டு வீட்டு டிரம்மையும் நிரப்பவேண்டும் என்பது எழுதாத சட்டம். பரீட்சைக்குப் படித்த காலத்தில் எத்தனை டிரம் நிரப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு மார்க் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

2011 ஜனவரி கடைசியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியதைக் கண்ணால் பார்த்தவள் நான். உத்தரவு தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் அப்பாவுக்கு வேலை சாயப்பட்டறையில். எனக்கு 13 வயது. ஊரைக் காலி செய்துகொண்டு பாதிப் பேர் போனார்கள். நாங்கள் போகாததற்குக் காரணம் நீங்கள். ஓனர் ஆத்தா ஆறு மாதம் வாடகை கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லிக் காட்டவும் இல்லை. ஐந்தாம் வீட்டு அக்கா அம்மாவைக் கையோடு கூட்டிப்போய்ப் பிசிறு வெட்டும் வேலையில் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளை எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ, "குழம்பு மிஞ்சிருச்சு" என்று சொல்லி ஒரு கிண்ணம் வரும். பன்னிரண்டு வீட்டில் யாருக்கும் குழம்பு மிஞ்சுகிற அளவுக்கு வசதி கிடையாது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சாப்பிட்டேன்.

அடுத்ததை எழுதும்போதுதான் கை கொஞ்சம் நிற்கிறது. எங்கள் லைன் சீட்டு இருபது பேர், ஆளுக்கு ஐயாயிரம், ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. மூன்று சென்ட் இடம் பார்த்து, அட்வான்ஸ் கொடுக்க ஒரு வாரம்தான் கெடு என்றபோது ஏலத்தில் உட்கார்ந்தேன். அதிகம் தள்ளி, அதாவது குறைத்து வாங்க ஒப்புக்கொள்கிறவருக்குத்தான் அந்த மாதச் சீட்டு. எவ்வளவு தள்ளிக் கேட்கவேண்டி வந்தாலும் எடுத்துவிடுவது என்று முடிவு. சீட்டுப் பிடிக்கிற அக்கா, "யாரு கேக்குறீங்க?" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும் கேட்டார். ஒருத்தி சேலை நுனியைத் திருகுகிறாள், ஒருத்தி கூரையைப் பார்க்கிறாள், மூன்றாம் வீட்டு அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் மகள் காலேஜ் ஃபீஸுக்கு அந்தப் பணம் எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். ஒரு பைசா தள்ளாமல் சீட்டு என் கைக்கு வந்தது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, என்னிடம் சொல்லவில்லையே என்று. இப்போது அந்தக் கோபத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம் என் பெயரில் பதிவானது. பாசம் ஒரு காரணம். 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது என்பது இன்னொரு காரணம். டீக்கடையில் பேப்பரைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற எங்கள் சந்து ஆறாம் வீட்டு அண்ணன் சொன்ன சேதி அது. எட்டு லட்சத்துக்கு எட்டாயிரம் மிச்சம். நிலை வைத்த அன்று செலவு முழுக்க அதில்தான் நடந்தது.

கடன் கேட்டுப் போன ஓர் இடத்தில் எஸ்டேட் முகவரியைப் பார்த்துவிட்டு, "நிரந்தர முகவரி இல்லையா?" என்றார்கள். பிறந்ததிலிருந்து ஒரே கதவு எண்ணில் வளர்ந்தவரிடம் கேட்ட கேள்வி. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குப் பொறுமையில்லை. வேறிடத்தில் கிடைத்தது.

வீடு கட்டியவர்களுக்கு வருகிறேன். மேஸ்திரி அண்ணா, உங்களோடு போட்ட சண்டை எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பாத்ரூம் வாட்டம் தவிர. தண்ணீர் இன்னும் மூலையில் தேங்குகிறது. சித்தாள் அக்காவுக்குத்தான் என் பெரிய நன்றி. எல்லா வீட்டுக்கும் சமையல் மேடையை இரண்டே முக்கால் அடியில் வைப்பது மேஸ்திரி வழக்கம். அக்கா தலையில் சட்டியோடு நின்றபடியே, "ஏனுங்க, அந்தப் புள்ள ஒசரத்தப் பாத்தீங்களா? முக்காலி போட்டு நின்னா சமைக்கோணும்?" என்று ஒரு போடு போட்டார். மேடை மூன்று அங்குலம் இறங்கியது. வீடு முழுவதிலும் எனக்கென்று அளவெடுத்துச் செய்தது அது ஒன்றுதான். அந்த அளவை எடுத்தவர் ஒரு நாளும் என்னைப் பெயர் கேட்டதில்லை.

கிராஜுவிட்டிக் கணக்கு உங்களுக்குத் தெரியும். வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி. அத்தையின் 34 வருடத்துக்கு 510 நாள். அந்த 510 நாளும் அப்படியே கம்பியாகவும் சிமெண்டாகவும் கூரைக்குப் போயிற்று. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்லாப் போட்டோம். காலையில் வெயில் அடித்தது. மலையிலிருந்து முதல் பஸ் பிடித்துப் பதினோரு பேர் வந்திருந்தீர்கள், சும்மா பார்க்க என்று. பாதிக் கான்கிரீட் போட்டிருக்கும்போது மேற்கே கருத்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய், அதுவும் கிழிசல். நான் அழவே தொடங்கிவிட்டேன். அப்போது இரண்டாம் வீட்டு சின்னம்மா பையைத் திறந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்தார். பார்த்தால் ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறீர்கள். மழைக்காலத்தில் அது இல்லாமல் வீட்டை விட்டு இறங்கிப் பழக்கமில்லையாம். சாரத்தில் ஏறி, ஷீட்டோடு ஷீட்டை முடிந்து, போட்டவரைக்கும் மூடி, நான்கு பக்கமும் செங்கல் வைத்து, நீங்கள் நனைந்துகொண்டு நின்றீர்கள். முக்கால் மணி நேரம். மேஸ்திரி இன்றைக்கும் அடுத்த சைட்டில் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. கூரை ஒழுகவில்லை. பார்த்தாயிற்று.

டைல்ஸ் வந்து இறங்கியதிலிருந்து காவலுக்கு நாங்கள் மூன்று பேரும் அங்கேதான் படுக்கிறோம். நாலாபுறமும் காலி மனை, சீமைக்கருவேலம், தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு. போன வாரம் நாய் குரைத்தது. இவர் தூக்கத்தில் கையை நீட்டிச் சுவரை மூன்று தடவை தட்டினார். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? நான் விழித்துக்கொண்டு அவரை எழுப்பலாமா என்று யோசிக்கும்போது, உள் அறையிலிருந்து அத்தை ஒற்றைத் தட்டுத் தட்டினார். இவர் எழாமலே திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒன்றை மறைக்கப் போவதில்லை. கக்கூஸுக்கு வரிசையில் நிற்காத காலை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பால் காய்ச்ச வருகிற யாராவது, "லைன் வாழ்க்கை மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விட்டால், மூன்று கக்கூஸ், பன்னிரண்டு வீடு என்று நான் கணக்குச் சொல்வேன். நாங்கள் அங்கிருந்து வர ஆசைப்பட்டுத்தான் வந்தோம். நீங்களும் அதற்குத்தான் தள்ளிவிட்டீர்கள்.

சில்லறைக் கணக்குகள். எட்டாம் வீட்டு அக்கா, கொடிக்கயிறு விஷயத்தில் நான் பேசியது அதிகம்தான். பேசாமலிருந்த நான்கு மாதத்தைக் கழித்துவிடுங்கள். என் நீல டிரம்மை ஒடிசாத் தம்பிகளுக்குக் கொடுத்துவிடுங்கள். மூடி கொஞ்சம் விரிசல், கயிறு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். சீட்டு இன்னும் ஏழு தவணை இருக்கிறது, மாதம் ஐந்தாம் தேதி போனில் வந்துவிடும். லைன் சாவியை அத்தை போன திங்கள்கிழமை ஆபீசில் கொடுத்துவிட்டார். கொல்லையில் இருக்கும் சௌசௌ கொடியை அடுத்து வருகிறவர்கள் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது அவர் சொல்லச் சொன்னது.

திருப்பூர்க்காரர்கள் பல்லடம் வழி பஸ்ஸில் வாருங்கள், மலைக்காரர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. மாடியில் பாய் விரிக்க இடம் இருக்கிறது. மலைக்காரர்களுக்கு இங்கே வியர்க்கும், திருப்பூர்க்காரர்களுக்குக் குளிரும். போர்வையைப் பங்கு போடுவது உங்கள் பாடு. சுவர்க்கடிகாரம் யாரும் வாங்கிவராதீர்கள், இப்போதே இரண்டு சேர்ந்துவிட்டது. எதையாவது கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால், மலையிலிருந்து முளைவிட்ட சௌசௌக்காய் ஒன்று. திருப்பூரிலிருந்து ஒரு பை பனியன் வேஸ்ட். டைல்ஸ் தரை, துடைத்து மாளவில்லை.

இப்படிக்கு,
மேல் டிவிஷன் ஆறாம் வீட்டுப் பையனும்
சந்துக்கடைசி வீட்டுப் பெண்ணும்